நடுவட்டம் கொய்னா முதல் ஆப்பிரிக்க வேர் வரை: நாட்டு மருந்து எப்போது ‘மருந்து’ ஆகிறது?

ஊட்டியில் இருந்து கூடலூர் போகும் வழியில், சுமார் 30 கிலோமீட்டரில் வருகிறது நடுவட்டம். இன்று அங்கே இறங்கிப் பார்த்தால் நாலா பக்கமும் தேயிலைதான். ஆனால் 160 வருடங்களுக்கு முன்னால் அந்தச் சரிவுகளில் நின்றது வேறு ஒரு மரம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பழங்குடி மக்கள் பயன்படுத்திய, கப்பலேறி நீலகிரிக்கு வந்த சின்கோனா. நம்ம ஊர் பெரியவர்கள் வாயில் ‘கொய்னா மரம்’.

இந்தப் பழைய கதைக்கு இப்போது என்ன தேவை என்று கேட்கலாம். தேவை இருக்கிறது. கானா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படும் மூலிகை வேர்களை நவீன மருத்துவத்துக்குள் கொண்டுவர முடியுமா என்ற ஆய்வுகள் நடக்கின்றன. இன்னொரு பக்கம், நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் வாரம் ஒரு வேர் சர்க்கரையைக் குணப்படுத்துகிறது, மாதம் ஒரு கிழங்கு கேன்சரைக் கரைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு நாட்டு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் கேள்விக்கு, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து பதில் தேடிய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று நீலகிரி மரப்பட்டையை வைத்தும், அன்றைய சென்னை மாகாணத்திலும்தான் நடந்தது.

கொய்னா நீலகிரிக்கு வந்தது எப்படி?

19-ம் நூற்றாண்டில் மலேரியா என்ற வார்த்தையை நம்ம ஊரில் யாரும் சொல்லவில்லை. குளிர் காய்ச்சல், முறைக்காய்ச்சல், மலைக்காய்ச்சல் என்றார்கள். ஊட்டி, குன்னூர் உயரத்தில் பிரச்னை இல்லை. மலையை விட்டு இறங்கினால், வயநாடு, கூடலூர், மசினகுடி, சீகூர் பக்கம் காய்ச்சல் ஆளை விழுங்கியது. வயநாட்டு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகவே கூலித் தொழிலாளர்கள் பயந்த காலம் அது.

அப்போது கையில் இருந்த ஒரே நம்பகமான மருந்து சின்கோனா பட்டை. 17-ம் நூற்றாண்டிலேயே இயேசு சபைப் பாதிரியார்கள் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. 1820-ல் பாரிஸில் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு மருந்தாளுநர்கள் அந்தப் பட்டையில் இருந்து குயினைனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், மரம் இருந்தது பெரு, பொலிவியா, எக்குவடோர், கொலம்பியா காடுகளில் மட்டும். விலையோ எக்கச்சக்கம். இந்தியாவில் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துக் கொண்டிருந்த ஆங்கிலேய அரசு, மரத்தையே இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவெடுத்தது.

1859-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஒரு குழு தென் அமெரிக்கா கிளம்பியது. பெருவில் மார்க்கம் சேகரித்த கன்றுகள் நீண்ட பயணத்தைத் தாங்காமல் பட்டுப்போயின. கைகொடுத்தது எக்குவடோரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த ‘சிவப்புப் பட்டை’ ரகம். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அந்தக் கன்றுகளைக் காவல் காத்து, 1861-ல் ஊட்டி கொண்டுவந்து சேர்த்தார். அவற்றைப் பெற்றுக்கொண்டவர், இன்று மலர்க் கண்காட்சிக்கு நாம் கூட்டமாகப் போகும் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்கைவர். தொட்டபெட்டாவில் குளிர் தாங்கும் ரகம், அதைவிடத் தாழ்வான நடுவட்டத்தில் சிவப்புப் பட்டை ரகம் என்று தோட்டங்கள் எழுந்தன.

வேலை செய்தது யார்? கூலிகளோடு சேர்ந்து, மலாய் நாட்டுக் குடியேற்றங்களில் இருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும்தான். அவர்களை அடைத்து வைத்த நடுவட்டம் சிறை இன்றும் இருக்கிறது. உள்ளூர்த் தமிழ்ப் பெண்களோடு குடும்பமாகி அங்கேயே தங்கிவிட்ட சீனர்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். மருந்தின் வரலாறு என்று படிக்கும்போது இந்த மாதிரி ஆட்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை.

3,600 பேரிடம் நடந்த டெஸ்ட்

மரம் வளர்ந்தது. ஆனால் பட்டையைச் சோதித்தபோது ஒரு சங்கடம். சின்கோனா பட்டையில் குயினைன் மட்டும் இல்லை. குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று இன்னும் மூன்று முக்கிய ஆல்கலாய்டுகள் உண்டு. தாவரங்கள் உருவாக்கும் ஒருவகை வேதிப்பொருள்களின் பொதுப்பெயர்தான் ஆல்கலாய்டு. காபியில் இருக்கும் காஃபீன்கூட அந்த வகைதான். நடுவட்டத்தில் நன்றாகச் செழித்த சிவப்புப் பட்டையில் குயினைன் குறைவு, மற்றவை அதிகம். சந்தையில் மதிப்பு குயினைனுக்கு மட்டும்தான். அப்படியென்றால் இவ்வளவு செலவு செய்து வளர்த்தது பாதி வீணா?

இங்கேதான் சரியான கேள்வி கேட்கப்பட்டது. மற்ற மூன்றும் காய்ச்சலைக் குணப்படுத்துமா, படுத்தாதா? யாரும் முறையாகச் சோதித்ததே இல்லை. வைத்தியர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

1866-ல் மெட்ராஸ் சின்கோனா கமிஷன் அமைக்கப்பட்டது. அதே வருடம் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளர் ‘குயினாலஜிஸ்ட்’ என்ற பதவியில் நீலகிரிக்கு நியமிக்கப்பட்டார். எந்த ரகத்தில், எந்த உயரத்தில், எந்த முறையில் வளர்த்த பட்டையில் எவ்வளவு ஆல்கலாய்டு என்று அளப்பது அவர் வேலை. இன்னொரு பக்கம் மருத்துவர்கள் நான்கு ஆல்கலாய்டுகளையும் தனித்தனியாகக் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்து, முடிவைப் பதிவு செய்தார்கள்.

1868 வரை சுமார் 3,600 நோயாளிகள். வெற்றிக்கு வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று: விட்டு விட்டு வரும் குளிர் காய்ச்சல் நின்றதா இல்லையா? நான்கு மருந்துகளும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் வேலை செய்தன. குணமானவர்கள் 98 சதவீதத்துக்கு மேல். மலேரியா மருந்துகளின் வரலாறு எழுதுகிறவர்கள் பதிவான ஆரம்பகால மருத்துவ ஆய்வுகளில் ஒன்று என்று இதை இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

அந்த டெஸ்ட்டில் என்ன ஓட்டை?

98 சதவீதம் என்றதும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இன்று ஒரு ஆய்வாளர் இதே ரிசல்ட்டோடு வந்தால், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

முதல் காரணம், வந்த காய்ச்சல் எல்லாம் மலேரியாதானா என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மலேரியா கிருமியை லாவெரான் ரத்தத்தில் பார்த்ததே 1880-ல்தான். கொசு பரப்புகிறது என்பது அதற்கும் பிறகு. அந்தக் கண்டுபிடிப்பிலும் நீலகிரிக்கு ஒரு பங்கு உண்டு. 1897 ஏப்ரலில் ஊட்டிக்கு வந்த ரொனால்ட் ராஸ், சீகூர் மலைப்பாதையில் மலேரியாவை ஆராயப் போய், தானே காய்ச்சலில் விழுந்தார். எழுந்து செகந்திராபாத் போன பிறகு, அந்த வருடம் ஆகஸ்ட் 20-ம் தேதி கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்தார்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. மருந்து கொடுக்காத ஒரு குழுவோடு ஒப்பிடவில்லை. காய்ச்சல்களில் பல, மருந்து இல்லாமலே சில நாளில் விட்டுவிடும். நாலு நாள் கழித்து நீங்களே எழுந்து உட்கார்ந்துவிட்டு, ‘அந்தக் கஷாயம்தான் காப்பாத்துச்சு’ என்று சொன்னால் அதை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. ஒப்பிட ஆள் இருந்தால்தான் பதில் கிடைக்கும்.

இதற்கு நம் கண் முன்னால் நடந்த உதாரணமே இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரைக்கு எப்படி அடிதடி நடந்தது என்று நினைவிருக்கும். அதுவும் மலேரியா மருந்துக் குடும்பத்தில் வந்தது, ஒருவகையில் கொய்னாவின் தூரத்து உறவு. சாப்பிட்டவர்களில் பலர் குணமானார்கள். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் அந்த மாத்திரை வாங்கியவர்கள் 1,561 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் வாங்கியவர்கள் 3,155 பேர் என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் இறப்பு விகிதத்தில் பயன் தரும் வித்தியாசம் எதுவும் இல்லை. மாத்திரை சாப்பிடாதவர்களும் அதே அளவுக்குத்தான் பிழைத்தார்கள்.

அப்படியென்றால் மெட்ராஸ் கமிஷன் ரிசல்ட் பொய்யா? இல்லை. சின்கோனா விஷயத்தில் பிற்கால அறிவியல் அவர்கள் பக்கம்தான் நின்றது. மலேரியா கிருமி நம் ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்ற பிறகு மிச்சமாகும் ஹீம் என்ற பொருள் கிருமிக்கே விஷம். அதைக் கட்டியாக்கி ஓரங்கட்டித்தான் கிருமி உயிர் வாழ்கிறது. குயினைன் அந்த வேலையைக் கெடுக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தன் கழிவிலேயே கிருமி சாகிறது.

அந்த 3,600 பேரில் எத்தனை பேருக்கு, தன் மேல் சோதனை நடக்கிறது என்று தெரியும்? இன்று கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் மாதிரி எந்த ஏற்பாடும் அன்று கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் இந்த ரிசல்ட்டைப் பார்க்க வேண்டும்.

ஜெயித்த மருந்து ஏன் தோற்றது?

நான்கு ஆல்கலாய்டும் சமம் என்றால், நான்கையும் சேர்த்து மலிவான காய்ச்சல் மருந்து தயாரித்து ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே? ஓரளவு கொடுத்தார்கள். ‘சின்கோனா ஃபெப்ரிஃப்யூஜ்’ என்ற கலவை மருந்து டார்ஜிலிங் மலையில் தயாரானது. வங்காளத்தில் 1892 முதல் தபால் ஆபீஸ்களில் சில்லறைக் காசுக்கு குயினைன் பொட்டலம் விற்றார்கள். நடுவட்டத்தில் அரசு குயினைன் ஃபேக்டரி வந்தது.

ஆனால் உலகச் சந்தை வேறு பக்கம் ஓடியது. சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரிக்காக, மானுவேல் இன்க்ரா மமானி என்ற பொலிவியப் பழங்குடி வேலையாள், குயினைன் மிகுந்த மரத்தின் விதைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 1865-ல் அந்த விதைகள் டச்சுக்காரர்கள் கைக்குப் போய், ஜாவாவில் முளைத்தன. அந்த மரத்தின் பட்டையில் குயினைன் அளவு மற்ற ரகங்களைத் தூக்கிச் சாப்பிட்டது. 1880-களில் இலங்கையில் இருந்து பட்டை வெள்ளமாக வந்து விலையும் விழுந்தது. நீலகிரி, இலங்கைத் தோட்ட முதலாளிகள் சின்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1890-க்குப் பிறகு உலகம் குயினைனை மட்டும் மருந்தாகப் பார்த்தது. மற்ற மூன்றும் வேலை செய்யாததால் ஒதுங்கவில்லை. ஜாவா பட்டையில் குயினைன் அதிகம் என்பதால் ஒதுங்கின. எது மருந்து என்பதை ஆய்வு மட்டும் முடிவு செய்வதில்லை, வியாபாரமும் முடிவு செய்கிறது.

விதை கொடுத்த மமானிக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மறுபடி விதை எடுக்கப் போனபோது பிடிபட்டு, சிறையில் அடிபட்டு, 1871-ல் இறந்துபோனார். மரத்துக்கு லெட்ஜர் பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் உலகத்துக்கே குயினைன் தட்டுப்பாடு. நம்ம வால்பாறை பக்கத்தில் ‘சின்கோனா’ என்றே பெயர் கொண்ட ஊர் இருக்கிறதே, அதுவும் இந்த மரத்தின் மிச்சம்தான். பிறகு குளோரோகுயின் மாத்திரை வந்தது, கொசுவுக்கு டிடிடி வந்தது. சின்கோனா நிலங்கள் படிப்படியாகத் தேயிலையாகின. இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவான டான்டீயின் தோட்டங்கள் இன்று நடுவட்டத்தில் இருக்கின்றன.

சரி, ஆப்பிரிக்க வேர்கள் எங்கே வருகின்றன?

மேற்கு ஆப்பிரிக்காவில் கிரிப்டோலெபிஸ் என்று ஒரு கொடி. கானாவில் ‘நிபிமா’ என்கிறார்கள். அதன் வேரை உடைத்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும். காய்ச்சலுக்கு வேரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது அங்கே பழைய வழக்கம். 1975-ல் கானா அரசு மாம்போங் என்ற ஊரில் மூலிகை மருத்துவத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. முதல் இயக்குநர் ஓகு அம்போஃபோ, ஐரோப்பாவில் படித்த அலோபதி டாக்டர். நாட்டு வைத்தியரிடம் இருந்து வேரை வாங்கி, நோயாளிக்குக் கொடுத்து, லேபில் அளந்து பார்க்கும் வேலை அங்கே நடந்தது. அந்த வேரை டீ பேக் வடிவில் போட்டு மலேரியா நோயாளிகளிடம் சிறிய அளவில் ஆய்வும் செய்தார்கள். தேயிலை மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசாகத் தெரியாது!

ரிசல்ட் நம்பிக்கை கொடுத்தது. ஆனால் வேரில் இருக்கும் கிரிப்டோலெபின் என்ற ஆல்கலாய்டு, கிருமியின் மரபணுவோடு மட்டும் அல்ல, மனித செல்லின் மரபணுவோடும் ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது என்று லேப் ஆய்வுகள் காட்டின. காய்ச்சலுக்கு நாலு நாள் குடிப்பதற்கும், வருஷக் கணக்கில் குடிப்பதற்கும் ஒரே பதில் இருக்காது. அதனால்தான் அது இன்னும் உலக மருந்துக் கடைக்கு வரவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இருந்து இன்னொரு கதை. காசநோய் பிடித்த சார்ல்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1897-ல் அங்கே போனார். உள்ளூர் வைத்தியர் ஒரு செடியின் வேரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். குணமாகிவிட்டதாக நம்பி, ஊருக்குத் திரும்பி அதை மருந்தாக விற்றார். பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் அவரை மோசடிக்காரர் என்று கிழித்தது. காசநோய்க்கு அது மருந்து என்று கடைசி வரை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அதே வேரின் சாறு இன்று ஜெர்மனியில் நெஞ்சுச் சளிக்கு விற்கிறது, அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. சொன்ன நோய் ஒன்று, பயன்பட்ட நோய் வேறொன்று. அந்தச் செடி பெலார்கோனியம் குடும்பம். நீலகிரியில் வாசனை எண்ணெய்க்காகப் பயிரிடும் ஜெரேனியம் இருக்கிறதே, அதன் பங்காளி.

வேர் என்றால் ஏன் கூடுதல் சிக்கல்?

மெக்கைவர் நீலகிரியில் ஒரு உத்தி கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரிப்பது, உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டுவது. புதுப் பட்டை வளர்ந்தது. அதில் ஆல்கலாய்டு முன்னைவிட அதிகமாகவே இருந்தது. ஒரே மரத்தில் மறுபடி மறுபடி அறுவடை.

வேரில் இந்த வித்தை பலிக்காது. சின்கோனாவிலும் வேர்ப்பட்டையில் ஆல்கலாய்டு செழிப்பாக உண்டு. அதற்காக ஜாவாவில் மரத்தையே வேரோடு சாய்த்தார்கள். தோட்டப் பயிர் என்றால் மறுபடி நடலாம். காட்டுச் செடி என்றால்?

சர்ப்பகந்தா கதை இதுதான். நம் நாட்டு வைத்தியத்தில் பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் சொல்லப்பட்ட வேர். 1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீலின் ஆய்வு பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிஸ் கம்பெனி சீபா அதில் இருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. அடுத்தது என்ன? காடுகளில் வேரைத் தோண்டித் தள்ளினார்கள். இன்று அது சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் செடி. பிறகு கம்பெனிகள் ஆப்பிரிக்காவில் வளரும் அதன் சகோதரச் செடியான ரவுல்ஃபியா வொமிட்டோரியா பக்கம் திரும்பின. அதன் வேரில் ரெசர்பின் இன்னும் அதிகம். ஆக, நம்ம வேர் தொடங்கி வைத்த மருந்துக்குச் சரக்கு கொடுத்தது ஆப்பிரிக்க வேர். அந்த மருந்தும் சிலரை மனச்சோர்வில் தள்ளுகிறது என்று புகார் வந்து, இப்போது அரிதாகவே எழுதப்படுகிறது.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. நமீபியா, போட்ஸ்வானா பாலைவனப் பகுதியில் ‘பேய் நகம்’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு செடியின் கிழங்கு, மூட்டு வலிக்காக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிறது. அங்கே தாய் வேரை விட்டுவிட்டு, பக்கக் கிழங்குகளை மட்டும் எடுத்து, குழியை மூடிவிடும்படி பழக்கியிருக்கிறார்கள். செடி மறுபடி பிழைக்கும்.

நம்ம மாநில மலர் செங்காந்தளையும் இங்கே சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தமிழ்நாட்டிலும் ஒருசேர வளரும் செடி. ஜிம்பாப்வேக்கு அது தேசிய மலர். ஈழத் தமிழர்களுக்குக் கார்த்திகைப் பூ. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதில் இருந்து கிடைக்கும் கோல்ச்சிசின், கவுட் என்ற மூட்டு நோய்க்கு அசல் மருந்து. அதே கோல்ச்சிசின்தான் கிழங்கைச் சாப்பிட்டவர்களின் உயிரையும் எடுக்கிறது. மருந்து அளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். கிழங்கில் எழுதியிருக்காது. ஒரே செடியில்கூட மண், மழை, வயதுக்குத் தகுந்தபடி அளவு மாறும்.

இப்போது ஒரு வேரை எப்படிச் சோதிக்கிறார்கள்?

லேபுக்குப் போவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. இது எந்தச் செடி என்று உறுதி செய்ய வேண்டும். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு செடி இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேரைப் பார்த்து யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அதனால் பூ, இலையோடு மாதிரி எடுத்து கோவையில் இருக்கும் தாவரவியல் ஆய்வுத்துறை மூலிகையகம் போன்ற இடத்தில் சரிபார்க்கிறார்கள். வைத்தியர் எப்படித் தயாரிக்கிறார் என்பதும் முக்கியம். சீனாவின் து யூயூ மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டுபிடித்தது, பழைய மருத்துவ நூலில் செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருக்கிறது என்பதைக் கவனித்ததால்தான். சூடு மருந்தைக் கெடுத்துக் கொண்டிருந்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு.

பிறகுதான் வேதிப் பிரிப்பு, செல்களில் சோதனை, விலங்குகளில் நச்சுச் சோதனை, கடைசியில் மனிதர்கள். நீலகிரியிலும் இந்த வேலைக்கு இடங்கள் உண்டு. ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியில் தாவர மருந்து ஆய்வுகள் நடக்கின்றன. எமரால்டில் மத்திய அரசின் ஹோமியோபதி மூலிகை ஆய்வு மையம் இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு மருந்து விதிகளைத் திருத்தி, ‘பைட்டோ ஃபார்மசூட்டிகல்’ என்று தனி வகையே கொண்டுவந்தது. ஒரு மூலிகைச் சாற்றில் குறைந்தது நான்கு வேதிப்பொருள்களையாவது அடையாளம் கண்டு, அளந்து, ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரே அளவு இருப்பதாகக் காட்ட வேண்டும். குயினைன் மாதிரி ஒரே பொருளைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கு ஆல்கலாய்டையும் ஒன்றாக எடைபோட்ட மெட்ராஸ் கமிஷன்காரர்கள் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பணம் யாருக்குப் போகும்?

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். எந்த வேர் எதற்கு என்று இவர்களிடம் இருக்கும் அறிவு பெரும்பாலும் எழுதி வைக்கப்படாதது. நாளைக்கு அதில் ஒன்று மருந்தானால் அவர்களுக்குப் பங்கு உண்டா?

இதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1987-ல் அகத்தியமலை காணி மக்கள், களைப்பு தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்பதை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். ஆரோக்கியப் பச்சை என்ற அந்தச் செடியை வைத்து, திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அதில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் மமானிக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2002 உயிரியல் பன்மைச் சட்டம் இந்தப் பங்கீட்டைச் சட்டக் கடமை ஆக்கியது. 2023-ல் வந்த திருத்தம், நூல்களில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பங்கீட்டில் இருந்து விலக்கு கொடுத்தது. சித்த, ஆயுர்வேத நூல்களில் இருப்பது அந்தக் கணக்கில் வரும். ஒரு குறும்பப் பாட்டி வாய்வழியாகச் சொல்வது வராது. ஆனால் பாட்டி சொல்லும் அதே செடி ஏதாவது ஒரு நூலிலும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சூழல் ஆர்வலர்களின் கவலை. சண்டை போட்டால் ஜெயிக்கவும் முடியும். தென்னாப்பிரிக்காவின் ஆலிஸ் என்ற ஊர் மக்கள் சார்பில் வழக்காடி, முன்னே சொன்ன பெலார்கோனியம் வேரின் மீது ஜெர்மன் கம்பெனி வாங்கியிருந்த காப்புரிமையை 2010-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ரத்து செய்ய வைத்தார்கள்.

வீட்டில் யாராவது வேர் மருந்து சாப்பிட்டால்?

டாக்டரிடம் மறைக்காதீர்கள், அதுதான் முதல் விஷயம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூலிகையும் மாத்திரையும் ஒன்றோடு ஒன்று மோதலாம். கொய்னாவே இதற்கு சாட்சி: அளவு கூடினால் காதில் இரைச்சல், தலைசுற்றல், பார்வை மங்கல், இதயத் துடிப்பில் கோளாறு வரும். அதன் கூடப்பிறந்த குயினிடினை இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்தாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். கடுமையான மலேரியாவுக்கு இன்று உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்வது ஆர்ட்டிசுனேட் ஊசி; அது கிடைக்காத இடத்தில் மாற்றாகத்தான் குயினைன்.

காய்ச்சல் என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், மலேரியாவா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வேரோ கிழங்கோ சாப்பிட்ட பிறகு வாந்தி, பேதி, படபடப்பு வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட்டதில் மிச்சம் ஒரு துண்டு இருந்தால், அதையும் காகிதத்தில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்தச் செடி என்று டாக்டருக்குத் தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.